அப்பாவின் லாரி ஏன் ஆடுகிறது: சில ஞாயிற்றுக்கிழமைகள்

அப்பாவின் லாரி 1996 மாடல். நாலு சிலிண்டர் டீசல், டீசலை அழுத்தித் தள்ள இன்லைன் பம்ப். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. செங்குன்றம் அரிசி மில்களில் மூட்டை ஏற்றி ஓடிய வண்டி, இப்போது கொளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிற்கிறது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மெக்கானிக்.

டேஷ்போர்டில் அப்பா வைத்த ஒரு பித்தளைப் பிள்ளையார் இருக்கிறார். ஒட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருப்பார். ரெட்டேரி சிக்னலில் நிற்கும்போது நம்மைப் பார்த்திருப்பவர், பச்சை விழுவதற்குள் கிளீனர் பக்கம் திரும்பிவிடுவார். அவ்வளவு ஆட்டம். இது போதாதென்று, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காலுக்கடியில் தகரம் 'ர்ர்ர்' என்று அதிரும். இரண்டும் ஒரே கோளாறு என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பாதி ஞாயிறுகள் அதில்தான் போயின.

முதல் ஞாயிறு காசு செலவில்லாத சோதனைகள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) விட்டேன். ஆடியது. அப்படியானால் சக்கரமோ, கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டோ இந்த ஆட்டத்துக்குக் காரணமில்லை, அவைதான் சுற்றவே இல்லையே. கிளட்சை மிதித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. கிளட்ச் பிளேட்டையும் கியர்பாக்ஸையும் தள்ளி வைத்தேன். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்ததும் ஆட்டம் பெரும்பாலும் அடங்கியது. இதுதான் நல்ல துப்பு. அன்று அதைக் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் என் கண் முழுக்க என்ஜின் மவுண்டிங் (என்ஜினைத் தாங்கும் ரப்பர்) மேல் இருந்தது.

கடப்பாரையை வைத்து என்ஜினை லேசாக நெம்பியபோது இடது பக்கம் சுலபமாக எழும்பியது. என்ஜின் தலைமேல் மூடியிருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங் வழியாக வருஷக்கணக்கில் கசிந்த ஆயிலில் அந்த ரப்பர் டீயில் ஊறிய பன் மாதிரி உப்பிக் கிடந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "மாத்திப் பாரு" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஜி.பி. ரோட்டில் இரண்டு விலையில் மவுண்டிங் காட்டினார்கள். குறைந்த விலையை வாங்கினேன். அது கருங்கல். என்ஜினை ஜாக்கி போட்டுத் தூக்கி (அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் நேராக ஜாக்கி வைக்காதீர்கள், நசுங்கிவிடும், கனமான பலகை வைத்துத்தான் தூக்கினேன்) மாட்டி ஸ்டார்ட் செய்தால், பிள்ளையார் முன்னைவிட வேகமாகத் திரும்பினார். ரப்பர் கெட்டியாக இருந்தால் என்ஜின் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளாமல் அப்படியே சேஸிஸுக்குக் கடத்திவிடும். அடுத்த வாரம் போய் நல்லதை வாங்கி வந்தேன். இந்த முறை போல்ட்டுகளை லூசாக விட்டு, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ரப்பர் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு டைட் செய்தேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். போனில் அதிர்வை அளக்கும் ஆப் ஒன்று போட்டு, போனை சீட்டின் இரும்புச் சட்டத்தில் டேப் போட்டுக் கட்டினேன். வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறதோ அந்த எண்ணில் திரையில் ஒரு முள் எழும்பும். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, லைட் அடித்து அளக்கும் டாக்கோமீட்டரால் பார்த்ததில் ஸ்லோ 750 ஆர்பிஎம். இங்கேதான் என் கணக்குப் புத்தி உதவியது. 750 என்றால் வினாடிக்கு 12.5 சுற்று. நாலு ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர் எரியும். ஆக வினாடிக்கு 25 உதை. எல்லாமே ஒழுங்காக எரிந்தால் 25-இல்தான் பெரிய முள் எழும்ப வேண்டும். ஒரே ஒரு சிலிண்டர் சோம்பேறியாக இருந்தால், அதன் முறை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும், அதாவது வினாடிக்கு 6.25 தடவை. என் போன் திரையில் 25-இல் ஒரு முள் இருந்தது. 6-க்குப் பக்கத்தில் அதைவிட உயரமாக இன்னொன்று நின்றது.

மவுண்டிங் தப்பு செய்யவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது உதை வாங்கிய கட்சி, உதைத்தவன் உள்ளே இருந்தான்.

எந்த சிலிண்டர்? பழைய லாரிக்காரர்கள் செய்வதையே செய்தேன். என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று லூஸ் செய்வது. டீசல் வெளியே கசிந்துவிடுவதால் அந்த சிலிண்டர் எரியாது. நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் உடனே தடுமாறும். கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டின் மேல் துணி சுற்றி, கையைத் தள்ளி வைத்துத்தான் செய்தேன். அந்த பைப்பில் வரும் அழுத்தத்துக்குப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி கேஸ். பயமாக இருந்தால் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஒன்று: என்ஜின் தடுமாறியது. இரண்டு: தடுமாறியது. நாலு: அணைந்தே விட்டது. மூன்று: நட்டைத் திறந்தேன், துணி நனைந்தது, என்ஜின் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மறுபடி மூடினேன், திறந்தேன். சத்தத்தில் ஒரு இம்மி மாற்றமில்லை. இந்த ஐந்து நிமிஷ வேலையை முதல் வாரமே செய்திருந்தால் இரண்டு செட் மவுண்டிங்குக்கு அலைந்திருக்க வேண்டாம்.

நாலு நாசிலையும் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று துணியில் எண் எழுதிக் கட்டி, அம்பத்தூரில் ஒரு பம்ப் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பெரியவர் கைப்பம்ப் ஸ்டாண்டில் ஒன்றை மாட்டி அழுத்தினார். 'க்ரீக்' என்று கத்திக்கொண்டு பனிப்புகை மாதிரி பீய்ச்சியது. கேஜில் 190. மூன்றாவதை மாட்டினார். சத்தமே இல்லை. 150-இலேயே திறந்து, ஒரு பக்கமாகக் கோடு போட்டு ஒழுகியது, நுனியில் சொட்டு நின்றது. "தம்பி, இது நாசில் இல்ல, குழாய்" என்றார். நுனியை மாற்றி, ஷிம் (மெல்லிய தகடு) போட்டு, நாலையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். காப்பர் வாஷர் நாலும் புதுசு போடச் சொன்னார். பழையதைப் போட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம்) கசியும்.

மாட்டி, டீசல் பைப்பில் புகுந்த ஏரை எடுத்து, ஸ்டார்ட் செய்தேன். 6-இல் நின்ற முள் கிட்டத்தட்டக் காணாமல் போனது. பிள்ளையார் பத்து நிமிஷம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்ரஷன் சரியில்லையோ என்ற பயமும் போனது, ஏனென்றால் அப்படி இருந்தால் நாசில் மாற்றியதால் மட்டும் இது தீர்ந்திருக்காது.

சரி, முடிந்தது என்று சென்னை பைபாஸில் ஏறினேன். 52-இல் தகரம் மறுபடி அதிர்ந்தது.

இந்த முறை அவசரப்படவில்லை. காலியான நீட்டில் 60 வரை போய், நியூட்ரல் போட்டு உருளவிட்டேன். என்ஜின் ஸ்லோவுக்கு இறங்கியும் அதிர்வு அப்படியே இருந்தது, வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் போனது. என்ஜின் நிரபராதி. இனி சக்கரம் அல்லது ஷாஃப்ட். சக்கரம் 52-இல் வினாடிக்கு ஆறு சுற்றுகூட வராது, அதன் ஆட்டம் மெதுவாக ஸ்டியரிங்கில் தெரியும். இது தகரம் ரீங்காரமிடும் வேக அதிர்வு. ஷாஃப்ட்தான்.

கீழே படுத்தேன். ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் கிராஸ் ஜாயின்ட்டில் ஆட்டமில்லை, இருக்கவும் முடியாது, இரண்டு மாதம் முன்பு நானே புதுசு போட்டேன். அப்போதுதான் உறைத்தது. அந்த அதிர்வு ஆரம்பித்ததும் இரண்டு மாதம் முன்புதான். டார்ச் அடித்து ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளையும் பார்த்தேன். இரண்டு பக்க யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிராஸ் ஜாயின்ட் சாய்ந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். இந்த முனை செய்யும் கோணலை அந்த முனை நேர் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. என்னுடையதில் ஒன்று கொஞ்சம் திரும்பி நின்றது. கிரீஸ் போடக் கழற்றி, ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுகளும் கோர்க்கும் பல் வரிசையில் (ஸ்ப்லைன்) ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன். சேற்றைச் சுரண்டினால் இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன, கம்பெனியே அடித்தவை. துடைத்துப் பார்க்கச் சோம்பல்பட்ட இடம்.

பல்லைச் சரியாக மாட்டினேன். இப்போது 65 வரை தகரம் அமைதி.

அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து புழல் வரை போய் வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது பிள்ளையாரைப் பார்த்து, "வலது பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்காரே" என்றார். டேப்பட் கேப் (வால்வுக்கு விடும் இடைவெளி) இன்னும் பார்க்கவில்லை. அது அடுத்த ஞாயிறு.