அடிக்கிறவர் மேல் கேமரா இருக்கட்டும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் குறும்படம் எடுக்கிற இளைஞர்கள் பலர் குழந்தைகள் படும் கொடுமையைக் கதையாக எடுத்துக்கொள்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் பல படங்களில் ஒரே மாதிரி நடக்கிறது: குழந்தை கதறுகிறது, முகம் குளோசப்பில், வயலின் ஏறுகிறது. பார்க்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஐயோ பாவம்' என்று எழுந்து போய்விடுகிறார். அந்த அழுகையோடு அவர் கணக்கு தீர்ந்துவிடுகிறது. தானும் அப்படி ஒரு பெரியவராக இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) சிறுமி துர்கா பாசிமாலையைத் திருடிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து கத்துவாள். அவமானம் தாங்காத தாய், மகளின் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள். நம்மை உலுக்குவது அந்தத் தாய்தான். வறுமையும் ஊர்ப்பேச்சும் சேர்ந்து வீட்டிலேயே பலமில்லாத உடம்பின் மேல் இறங்குவதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். 'கார்கி' (2022) படமோ, ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் மகளோடு நம்மை நடக்க வைக்கிறது. நம் வீட்டு ஆள் என்றால் என்ன செய்வோம் என்ற கேள்வியிலிருந்து அங்கே தப்பிக்க முடியாது.

இப்படிப் பார்வையாளரைத் தப்பவிடாமல் செய்ய, முதலில் கேமராவை இறக்குங்கள். ஆறு வயதுக் குழந்தையின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி. மேலிருந்து எடுத்தால் குழந்தை சுருங்கிவிடும், பரிதாபம் மட்டும்தான் மிஞ்சும். மூன்றரை அடியில் வைத்தால் பெரியவரின் இடுப்பும் கையும் ஃபிரேமை அடைத்துக்கொள்ளும். பார்வையாளர் குழந்தை நிற்கிற இடத்தில் நிற்பார்.

கன்னத்தில் அறை விழும் காட்சிக்கு உண்மையான அடி தேவையே இல்லை. அடிப்பவரின் முதுகுப் பக்கம், தள்ளி நின்று, இடைவெளியைச் சுருக்கிக் காட்டும் 85 எம்எம் லென்ஸில் எடுங்கள். கைக்கும் கன்னத்துக்கும் ஓரடி இடைவெளி இருந்தாலும் தெரியாது. பக்கவாட்டில் நின்றால் இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். கை கடக்கும் நொடியில் குழந்தை தலையைத் திருப்பினால் போதும், சத்தத்தை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் நல்லது, இருவரையும் தனித்தனியாக எடுப்பது. பெரியவர் கோபத்தில் கத்தும் ஷாட்டின்போது குழந்தை அங்கே இருக்கவே வேண்டாம். அந்த இடத்தில் ஒரு உதவி இயக்குநர் உட்காரட்டும். குழந்தையிடம் 'அடி வாங்கிட்டே, அழு' என்று சொல்லாமல் ஒரு வேலை கொடுங்கள்: வார் மாட்ட வராத செருப்பை மாட்டச் சொல்லுங்கள். குனிந்த தலையும் தடுமாறும் விரல்களும் போதும். அழ வைக்க நிஜமாகவே திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது டேக்கில் குழந்தை உறைந்துபோய் இயக்குநரையே பார்க்கும். காட்சி கெடுவது இருக்கட்டும், எதை எதிர்த்துப் படம் எடுக்கிறோமோ அதையே அங்கே செய்கிறோம்.

இசையை எடுத்துவிடுங்கள். தாழ்ப்பாள் போடும் சத்தம், பக்கத்து வீட்டு சீரியல், குக்கர் விசில் இருக்கட்டும். சுற்றி ஆட்கள் இருந்தும் யாரும் வரவில்லை என்பதை அந்தச் சத்தங்களே சொல்லிவிடும்.

14 வயதுக்குட்பட்டவரை நடிக்க வைக்க, படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். புதுச்சேரி-கடலூர் எல்லையான முள்ளோடையைத் தாண்டி இரண்டு பக்கமும் எடுத்தால் இரண்டு இடத்திலும். ஒரு நாளில் 5 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். குழந்தையின் வருமானத்தில் 20 சதவீதமாவது அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போக வேண்டும். நண்பன் வீட்டுக் குழந்தைதானே என்று இதையெல்லாம் விட்டுவிடக் கூடாது.

உண்மைச் சம்பவம் என்றால் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பள்ளி, குடும்பம், வசிப்பிடம் என எந்த அடையாளமும் ஊடகத்தில் வெளியாவதைத் தடுக்கிறது. நம் ஊர் சின்னது, தெருமுனைக் கோயிலைக் காட்டினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திரையிடும்போது கடைசி கார்டில் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பத்து விநாடியாவது நிறுத்துங்கள், விளக்கை மெதுவாகப் போடுங்கள். படம் முடிந்து ஒரு குழந்தை வந்து தனக்கு நடந்ததைச் சொன்னால், சொல்வதைக் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், போனில் பதிவு செய்யாதீர்கள், 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நடந்தது பாலியல் குற்றம் என்றால், போக்சோ 19ஆம் பிரிவின்படி, கேட்டவர் அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.