ஐந்து முழங்கால் லீவரில் எதை வைத்துக்கொள்வது?

பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கம்பிகளின் மேல் ஓர் உலோகப் பாரை நகர்த்தி வாசிப்பார்கள்; பாதத்தால் மிதிக்கும் பெடலும் முழங்காலால் தள்ளும் லீவரும் கம்பிகளின் ஸ்ருதியை ஏற்றி இறக்கும். என்னுடையதில் பத்துக் கம்பி, ஈ9 எனப்படும் டியூனிங், மூன்று பெடல் (ஏ, பி, சி என்பவை அவற்றின் பெயர்கள், ஸ்வரங்கள் அல்ல), ஐந்து முழங்கால் லீவர். இந்தக் கட்டத்தில் ஐந்தும் எனக்கு அதிகம் என்று பட்டது. எது நிற்கலாம், எது போகலாம் என்று ஒவ்வொன்றாக ராடை (லீவரின் அசைவைக் கம்பிக்குக் கடத்தும் கம்பியை) கழற்றி வாசித்துப் பார்த்தேன்.

என்ன ஸ்வரம் கிடைக்கிறது என்று மட்டும் பார்த்தால் எல்லா லீவரும் வேண்டும் போலத்தான் இருக்கும். அதனால் வேறு மாதிரி பார்த்தேன். இதைத் தள்ளும்போது பாதம் எந்தப் பெடலில் இருக்கும்? அந்த முழங்காலுக்கு அப்போது வேறு வேலை உண்டா? பாரை நகர்த்தினாலே அந்தக் கார்டு வந்துவிடுமா?

இடது முழங்காலின் இரண்டு பக்க லீவர்களில் நான் கைவைக்கவில்லை. இடப்பக்கம் தள்ளினால் 4, 8ஆம் கம்பிகள் ஈ-யிலிருந்து எஃப்-க்கு ஏறும். வலப்பக்கம் தள்ளினால் அதே இரண்டும் ஈ ஃபிளாட்டுக்கு இறங்கும். இந்த ஈ கம்பிகளை ஒரே சமயத்தில் ஏற்றி இறக்கத் தேவையே வராது. ஒரே முழங்காலுக்கு இரு பக்கமும் இவற்றை வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். அதிலும் ஏற்றும் லீவரைத் தொடவே கூடாது. ஜி மேஜர், பாரை 3ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் எதையும் மிதிக்காமல் வருகிறது. ஏ பெடலும் பி பெடலும் மிதித்தால் 10ஆம் ஃப்ரெட்டில் வருகிறது. இடையில் 6ஆம் ஃப்ரெட்டில் அதே கார்டைத் தருவது ஏ பெடலோடு சேர்ந்த இந்த லீவர்தான். இது இல்லையென்றால் 3-லிருந்து 10-க்கு ஒரே தாவல்.

அடுத்தது இடது முழங்காலை மேலே தூக்கும் லீவர். 5ஆம் கம்பியை பி-யிலிருந்து பி ஃபிளாட்டுக்கு இறக்கும். பார் வைக்காமல் ஏ, பி பெடல்களை மிதித்தபடி தூக்கினால், ஏ பெடல் ஏற்றிய சி ஷார்ப் சி-யாகி ஏ மேஜர் ஏ மைனராகிவிடும். கேட்க அருமை. ஆனால் முழங்கால் எழும்போது பாதமும் கூடவே எழப் பார்க்கிறது. ஏ பெடல் கொஞ்சம் தளர்ந்தாலும் ஸ்ருதி போச்சு. ஏ மைனர் வேறு வழியில் கிடைக்காமலும் இல்லை: 1ஆம் ஃப்ரெட்டில் ஈ-யை இறக்கும் லீவர், 3-ல் பி, சி பெடல்கள், 8-ல் ஏ பெடல் மட்டும். ஆக இந்த லீவரின் ராடுகளைக் கழற்றிவிட்டேன். பார் அசையாமல் மேஜர் மைனராகச் சரியும் அந்த இழைவுதான் இழப்பு.

அதில் பாதியை வலது முழங்கால் திருப்பித் தந்தது. வலது முழங்காலின் இடப்பக்க லீவர் 6ஆம் கம்பியை ஜி ஷார்ப்பிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்குகிறது. இதே லீவரில் 1ஆம் கம்பியை ஏற்றும் ராடும் இருந்தது. அதை எடுத்ததும் லீவர் நன்றாக லேசாகிவிட்டது. பி பெடல் இதே கம்பியை ஏ-வுக்கு ஏற்றும்; அதோடு சேர்த்துத் தள்ளினால் 6ஆம் கம்பி இடையில் ஜி-யில் நிற்கும். எதையும் மிதிக்காத ஈ மேஜரிலிருந்து இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் ஈ மைனர். ஏ, பி இரண்டையும் மிதித்திருக்கும்போது தள்ளினால் ஏ செவன்த். ஒரே லீவருக்கு இத்தனை வேலை! டியூன் செய்யத்தான் பொறுமை வேண்டும். ஜி ஷார்ப் பிருடையில், ஏ-வும் எஃப் ஷார்ப்பும் மறுமுனையிலுள்ள நைலான் திருகுகளில், கடைசியாக ஜி, பெடலும் லீவரும் சேரும்போது வரும் ஸ்வரத்துக்கான ஸ்ப்ளிட் ஸ்க்ரூவில்.

வலப்பக்க லீவர் 2ஆம் கம்பியை டி ஷார்ப்பிலிருந்து டி-க்கும், இன்னும் அழுத்தினால் சி ஷார்ப்புக்கும் இறக்கும். 9ஆம் கம்பியை டி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு. இதையும் வைத்துக்கொண்டேன். வலது பாதம் வால்யூம் பெடலில் இருப்பதால் முழங்கால் நகர்ந்தால் சத்தமும் ஏறி இறங்குகிறது. குதிகாலை அசைக்காமல் தொடையிலிருந்து மட்டும் தள்ளப் பழகி வருகிறேன். இப்போதைக்கு மெதுவான வேகத்தில்தான் முடிகிறது.

கழற்றிய ராடுகளில் எது எந்தக் கம்பிக்கு என்று சீட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். அடுத்த வேலை, 2ஆம் கம்பி பாதியில் டி-யில் நிற்கும் இடம் முழங்காலுக்கு இன்னும் தெளிவாகத் தட்டுப்படும்படி ஸ்டாப்பை, அதாவது லீவரின் தடுப்பை, சரிசெய்வது.