அக்குளில் வைத்த பழம்புடவை

கிணற்றில் விழுந்தவரை மேலே தூக்க எங்களுக்குச் சொல்லித்தந்தது இரட்டைக் கண்ணி முடிச்சு. ஒரு கண்ணி அக்குளுக்குக் கீழே, இன்னொன்று முழங்காலுக்குப் பின்னால். எடை இரண்டாகப் பிரிந்துவிடும், கயிறு உடம்பை அறுக்காது. முடிச்சு தெரியாதவர்கள் அக்குளில் மட்டும் கட்டி இழுத்தால் என்ன ஆகும் என்பதை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்த்தேன்.

துறைக்குப் பெயர் தீயணைப்பு. ஆனால் மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தீயைவிடக் கிணற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாமல், தரையோடு தரையாகத் திறந்து கிடக்கும் கிணறுகள், பாறையை வெட்டி இறக்கியவை. ஆடு விழும், மாடு விழும், இருட்டில் குறுக்கு வழியில் வருகிற ஆளும் விழுவார். வற்றிய கிணறு என்றால் அடிபடுவதோடு அடியில் காற்றும் கெட்டிருக்கும்.

அன்று விழுந்தவர் தூர் வார வந்த கூலித் தொழிலாளி. அழைப்பு வந்தது காலை 10.10 மணிக்கு. எங்கள் வண்டி அப்போது நிலையத்தில் இல்லை. செல்வாக்குள்ள ஒருவரின் வீட்டு விசேஷத்துக்குத் தண்ணீர் நிரப்பப் போயிருந்தது. வாய்மொழி உத்தரவு. வண்டி திரும்பி வந்து நாங்கள் புறப்பட்டபோது 10.50. போய்ச் சேர்வதற்குள் ஊர்க்காரர்களே தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டி அவரை மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள்?

அவர் வேப்பமர நிழலில், இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு அக்குளிலும் தோல் உரிந்து, சட்டைத் துணி சதையோடு ஒட்டியிருந்தது. கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி நார்த் துணுக்குகளை எடுத்தேன். "கையை இறக்கலாமா சார்?" என்று கேட்டார். இறக்கச் சொன்னேன். அவரால் முடியவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் பதிவேட்டில் புறப்பட்ட நேரத்தை 10.14 என்று எழுதச் சொன்னார் அலுவலர். எழுதினேன்.

அந்த நிலையத்தில் நான் கிறிஸ்தவன் என்று ஒருவருக்கும் தெரியாது. என் பெயர் எல்லாரும் வைத்துக்கொள்கிற பொதுப் பெயர். வேதாகமத்துக்குச் செய்தித்தாள் அட்டை போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். ஆயுத பூஜை அன்று எப்படியாவது வார விடுப்பு எடுத்துவிடுவேன். யாரும் என்னை மிரட்டியதில்லை, கேலி செய்ததும் இல்லை. வேற்றாளாக்கிவிடுவார்களோ என்ற பயம் நானாக வளர்த்துக்கொண்டது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் காலத்திலிருந்து சபையில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பெட்டிக்குள் வேதத்தை ஒளித்து வைத்திருந்தான்.

மனம் உறுத்தும்போது வேதத்திலிருந்தே இருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வேன். ஒருவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு. யூதருக்குப் பயந்து அந்தரங்கச் சீஷனாக இருந்தவர் என்று யோவான் எழுதியிருக்கிறார். இன்னொருவர் ஆகாப் ராஜாவின் அரமனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியா. அவ்வளவு பொல்லாத ராஜாவிடம் வேலை பார்த்துக்கொண்டே அவர் கர்த்தருக்குப் பயந்து நடக்கவில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மீதிக் கதையை வசதியாக மறந்துவிடுவேன். சீஷர்கள் ஓடிப்போன நாளில் ரோம ஆளுநர் பிலாத்துவிடம் துணிந்து போய் இயேசுவின் சரீரத்தைக் கேட்டவர் அந்த யோசேப்புதான். ஒபதியா, ராணி யேசபேல் தீர்க்கதரிசிகளைக் கொன்றுகொண்டிருந்தபோது, நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் குகைகளில் வைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினார். அவர் ஒளித்துவைத்தது நூறு பேரை. நான் ஒளித்துவைத்தது என்னை.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. எரேமியா 38ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. சரணடைந்தால் பிழைப்பீர்கள் என்று சொன்னதற்காக தீர்க்கதரிசி எரேமியாவைப் பிரபுக்கள் கயிற்றில் கட்டித் துரவுக்குள், அதாவது தண்ணீர் சேர்த்துவைக்கும் குழிக்குள், இறக்கிவிடுகிறார்கள். துரவில் தண்ணீர் இல்லை, உளைதான், அதாவது சேறு. அந்த உளையில் அவர் அமிழ்ந்துகொண்டிருக்கிறார். அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. வேப்பமரத்தடியில் கைகளைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்த அந்த மனிதர் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டார். சபையார் காத்திருந்தார்கள். எப்படியோ வாசித்து முடித்தேன்.

அன்றுதான் எபெத்மெலேக்கை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அரமனையில் வேலை பார்த்த எத்தியோப்பியர். அந்தப் பெயருக்கே ராஜாவின் ஊழியக்காரன் என்றுதான் பொருள். ராஜா பென்யமீன் வாசலில், ஊர் பார்க்க உட்கார்ந்திருந்த நேரத்தில் நேரே போய், இவர்கள் செய்தது அநியாயம், அந்த மனிதர் அங்கே பட்டினியால் சாவார் என்று சொல்கிறார். அதே அதிகாரத்தில் சிதேக்கியா ராஜா என்ன செய்கிறார் பாருங்கள். எரேமியாவைத் தனியாக அழைத்துப் பேசிவிட்டு, இது யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார். சிங்காசனத்தில் இருப்பவர் ஒளிந்து பேசுகிறார். வேலைக்காரராக வந்த அந்நியர் வாசலில் நின்று பேசுகிறார்.

பிரசங்கங்களில் அவரைப் பற்றிச் சொன்னால் இந்த வாசல் காட்சியோடு நிறுத்திவிடுவார்கள். கயிறு பிடித்த எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் பெரிது. ராஜா முப்பது பேரைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். பிரபுக்கள் காதுக்கு எட்டினால் ராஜா மனம் மாறிவிடலாம். அவ்வளவு அவசரத்திலும் எபெத்மெலேக் பொக்கிஷ அறையின் கீழே போய்க் கந்தைத் துணிகளையும் கிழிந்த பழம்புடவைகளையும் தேடி எடுக்கிறார். அவற்றைத் துரவுக்குள் வீசவில்லை, கயிற்றில் கட்டி இறக்குகிறார். வீசியிருந்தால் உளையில் விழுந்து நனைந்து ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கும். பிறகு மேலேயிருந்து சொல்கிறார்: இவற்றை உம்முடைய அக்குளில், கயிற்றுக்கு உட்புறமாக வைத்துக்கொள்ளும். கயிறு சதையை என்ன செய்யும் என்று தெரிந்தவரின் பேச்சு அது.

வீட்டுக்கு வந்து அடுத்த அதிகாரத்தையும் வாசித்தேன். எபெத்மெலேக்குக்குக் கர்த்தர் அனுப்பிய வார்த்தை அங்கே இருக்கிறது. நீ பயப்படுகிற மனுஷரின் கையில் ஒப்புக்கொடுக்கப்படமாட்டாய், நீ என்னை நம்பினபடியினால் தப்புவாய் என்று. அப்படியென்றால் அவர் பயந்திருக்கிறார். வாசலில் நின்றபோதும் பழம்புடவை தேடியபோதும் பயத்தோடுதான் இருந்திருக்கிறார். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. பயம் போகட்டும், பிறகு பேசலாம் என்றல்லவா அத்தனை நாளும் காத்திருந்தேன்!

மறுநாள் அலுவலரின் அறைக்குப் போனேன்.

"சார், அந்த நேரத்தைத் திருத்த வேண்டும்."

"முடிந்துபோன விஷயம். ஆள்தான் பிழைத்துவிட்டாரே, உனக்கு என்ன இப்போது?"

"நான் கிறிஸ்தவன் சார். அந்தப் பொய்யை எழுதிய கையால் வேதத்தைத் தொட முடியவில்லை."

வேலையில் சேர்ந்து பதினொரு ஆண்டுகளில் அந்த நிலையத்துக்குள் அந்த வார்த்தையை அன்றுதான் சொன்னேன். குரல் நடுங்கியது. நம்பிக்கையை வீட்டோடு வைத்துக்கொள் என்றார். வெளியே வந்து, பணியில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 10.14ஐ ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 10.50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் மெமோ வந்தது, பிறகு இடமாறுதல். வண்டியை அனுப்பியவர்கள் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு வேலை பார்த்த நிலையங்களில் முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். ஆயுத பூஜைக்கு முதல்நாள் இரவு வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளக்க வைப்பது என் வேலை. பூஜை நேரத்தில் சற்றுத் தள்ளி அமைதியாக நிற்பேன். ஒருவரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் ரப்பர் படகோடு பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தையும் தண்ணீரில் போய்விடக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டேதான் நின்றேன். சீருடையோடு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கிற விசுவாசிகளும் உண்டு. அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கிணற்று மேட்டில் அழுதுகொண்டு நிற்பவருக்குத் தேவைப்படுவது கயிறு. யார் நீ, எதற்காக இப்படி இருக்கிறாய் என்று அவர்களாகக் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அம்மா இறந்த பிறகு அவருடைய பழைய நூல் சேலைகள் ஏழெட்டு இருந்தன. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தன. அவற்றை மடித்து ஒரு பையில் போட்டு வண்டியில் கயிற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மாட்டைத் தூக்கக் கழித்துப்போட்ட பழைய ஹோஸ் இருக்கிறது, வயிற்றை அறுக்காது. மனிதருக்கு எது என்று யோசித்தபோது எபெத்மெலேக் நினைவுக்கு வந்தார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, செல்லம்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றிலிருந்து எண்பது வயதை நெருங்கிய ஒரு மூதாட்டியைத் தூக்கினோம். நான்தான் கீழே இறங்கினேன். எலும்பும் தோலுமான உடம்பு. கண்ணி மாட்டுவதற்கு முன் சேலையை நாலாக மடித்து இரண்டு அக்குளிலும் வைத்தேன். மேலே வந்து தண்ணீர் குடித்தபின், அந்தத் துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"யார் சேலையப்பா இது?"

"எங்கள் அம்மாவுடையது, அப்பத்தா."

அதை அவர் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை.