எப்படி வந்து சேர்ந்தாய்?

1998 ஜனவரி. பல்கலைக்கழக அணிக்காக 10,000 மீட்டர் ஓட வடக்கே போனோம். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, அப்புறம் ஐந்து மணி நேரம் பஸ். பதினான்கு பேருக்கு ஆறு பெர்த்துதான் உறுதியாகியிருந்தது. கூட வந்த மேனேஜர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஜம்ப், ஸ்பிரிண்ட் பசங்களுக்குப் பெர்த் குடுத்துருவோம். லாங் டிஸ்டன்ஸ் பசங்க எதையும் தாங்குவாங்க" என்றார்.

தாங்கினோம். கழிவறைக்கு வெளியே தினத்தாளை விரித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு இரண்டு ராத்திரி. கூட்டத்தைத் தாண்டிப் போய்வரப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். சாப்பாடு பிரெட் ஆம்லெட்டும் டீயும். ஆக்ராவுக்கு முன்னாலேயே மூடுபனி பிடித்துக்கொண்டது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து பதினொரு மணி நேரம் தாமதமாக டெல்லி சேர்ந்தது. மறுநாள் காலை ஓட்டம். கணுக்கால் வீங்கியிருந்ததால் வழக்கமாகப் போடும் ஸ்பைக்ஸில், அதாவது ஆணி வைத்த ஓட்டக்காலணியில், கால் நுழையவில்லை. லேஸைப் பாதி உருவிவிட்டுத்தான் போட்டேன். 25 சுற்றில் பதினேழாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்தது. ஊரில் 32 நிமிடம் 40 விநாடியில் ஓடியவன் அன்றைக்கு முடித்தது 34:52.

ரிசல்ட் ஷீட்டில் 34:52 மட்டும்தான் இருந்தது. எப்படி வந்து சேர்ந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த 'தாங்குவாங்க' என்ற சொல் இத்தனை வருஷம் கழித்தும் உறுத்துகிறது. நெடுந்தூர ஓட்டக்காரன் முரட்டு உடம்புக்காரன், பட்டினி கிடந்தாலும் ஓடுவான் என்றொரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. உண்மை நேர்மாறு. கடைசி வாரத்தில் அவன் புதிதாக எதையும் சம்பாதிப்பதில்லை, சேர்த்து வைத்ததைக் காப்பாற்றுகிறான். தூக்கம், தசையில் ஏறியிருக்கும் மாவுச்சத்து, உடம்பில் நீர், ஒழுங்காக இயங்கும் வயிறு. பயணம் கை வைப்பது சரியாக இந்த நான்கிலும்தான். ஒரு ராத்திரி தூங்காதவன் பத்து விநாடி ஓட்டத்தை எப்படியோ சமாளித்துவிடலாம், இரண்டு மணி நேரம் ஏமாற்ற முடியாது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறவர் ஷிசோ கனாகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். ஜப்பான் முதல்முறையாகக் கலந்துகொண்டது. வீரர்கள் இரண்டே பேர். ஒருவர் ஸ்பிரிண்டர், இன்னொருவர் மாரத்தான் ஓட வந்த இருபது வயது மாணவரான கனாகுரி. கப்பலில் ரஷ்யக் கரைக்குப் போய், சைபீரியாவைக் குறுக்காகக் கடக்கும் ரயிலில் ஏறி, ஸ்டாக்ஹோம் போய்ச் சேரப் பதினெட்டு நாள் ஆனது. களைப்புத் தீரவே ஐந்து நாள் பிடித்ததாம். போட்டிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்ததே, அதற்குள் தேறியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஜூன் மாதத்து ஸ்டாக்ஹோமில் இரவு முழுசாக இருட்டுவதே இல்லை. மனுஷனுக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாடும் பழகவில்லை. அவருக்குத் துணையாக இருக்கவேண்டிய பயிற்சியாளரோ நோயாளி. ஓட்டத்தன்று வெயில் 32 டிகிரி, காலில் ஜப்பானியத் துணிக்காலணி. 68 பேர் கிளம்பியதில் பாதிப் பேர்தான் முடித்தார்கள். கனாகுரி வழியில் சுருண்டுவிட்டார். ஒரு வீட்டுத் தோட்டத்தில் அவரை உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். வெட்கத்தில் போட்டி நடத்தியவர்களிடம் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். ஸ்வீடன்காரர்களின் கணக்கில் அவர் காணாமல்போனவர். 1967இல் கூப்பிட்டு மிச்சத்தை ஓடவைத்து, 54 வருஷம் 8 மாதம் 6 நாள் என்று டைமிங் அறிவித்தார்கள். எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அந்தப் பதினெட்டு நாளிலேயே நின்றுவிடுவேன். ரயில் பெட்டியில் காலை எங்கே நீட்டியிருப்பார்?

1936இல் பெர்லினுக்கு சோன் கீ சுங் போனதும் அதே சைபீரிய ரயிலில்தான். கொரியர்; கொரியா அப்போது ஜப்பான் ஆட்சியில் இருந்ததால் ஜப்பானியப் பெயரில் ஜப்பானுக்காக ஓடவேண்டிய நிலைமை. வண்டி நிற்கும் இடங்களில் இறங்கி ஓடிப்பார்த்துக்கொண்டே போனார்களாம். மாரத்தானில் அவருக்குத் தங்கம், கூடப்போன நாம் சுங் யோங்குக்கு வெண்கலம். ஆக, தூரம் மட்டுமே ஆளைக் கொல்வதில்லை. இறங்கிய இடத்தில் தூங்க முடிந்ததா, தின்றது செரித்ததா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

இன்றைக்கு ரயில் இல்லை, விமானம். கென்யாவின் இத்தேன் ஊரிலிருந்து ஒருவர் பாஸ்டன் மாரத்தானுக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்டோரெட் வரை காரில், அங்கிருந்து நைரோபி, அப்புறம் ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ விமானம் மாறி அமெரிக்கா. ஒரு வேடிக்கை பாருங்கள்: விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல. நமக்குக் காது அடைக்கும்; இத்தேன்காரருக்கு அது சொந்த வீட்டுத் திண்ணை, அந்த ஊரே 2,400 மீட்டரில் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் வறண்ட காற்றுக்கு அவர் உடம்பிலும் பதில் இல்லை. உதடு காயும், தொண்டை காயும். மணிக்கணக்கில் தொங்கப்போட்ட கால் அவருக்கும் வீங்கத்தான் செய்யும்.

அப்புறம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். பாஸ்டனில் காலை 10 மணி என்றால் கென்யாவில் மாலை 5. உடம்பு நன்றாகச் சூடேறி, ஓடுவதற்கு வாகாக இருக்கும் நேரம். மேற்கே போகிறவனுக்கு அது ஒரு சலுகை. டோக்கியோ மாரத்தான் தொடங்குவது காலை 9:10. கென்யக் கணக்கில் விடியற்காலை 3:10. அர்த்த ராத்திரியில் எழுப்பிவிட்டு 42 கிலோமீட்டர் ஓடு என்கிற மாதிரி. கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும், அதுவும் கிழக்கே போனால் இன்னும் மெதுவாக. ஆறு மணி நேர வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரு வாரமாவது வேண்டும். விமானம் ஒருநாள் தாமதமானால் போவது ஒருநாள் ஓய்வு மட்டுமில்லை, அந்த ஒரு மணி நேரமும்தான்.

எனக்கென்னவோ, இதையெல்லாம்விட மோசமானது விசா என்று படுகிறது. பறந்த களைப்பு தூங்கினால் போய்விடும். பாஸ்போர்ட் தூதரகத்தில் கிடக்கிறது, பதில் வரவில்லை, போவோமா மாட்டோமா என்று கிடப்பவன் எப்படித் தூங்குவான்? 2022இல் அமெரிக்காவின் யூஜீனில் நடந்த உலகத் தடகளப் போட்டிக்கு கென்யாவின் ஒமன்யாலா, 100 மீட்டரை 9.77 விநாடியில் ஓடியவர், விசா தாமதத்தால் தன் முதல் சுற்று ஹீட்ஸுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லாதபோதுதான் வந்து இறங்கினார். 10.10 ஓடித் தேறினார், ஆனால் அரையிறுதியோடு சரி. அவர் ஸ்பிரிண்டர். அதே அவசரத்தில் ஒரு மாரத்தான்காரர் வந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாரத்தான்காரர்கள் வருஷத்துக்குப் பெரும்பாலும் இரண்டு ஓட்டம்தான் ஓடுவார்கள். ஒன்று கெட்டால் அரை வருஷச் சம்பாத்தியம் போச்சு.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானமே மூடிக்கிடந்ததே, அப்போது லண்டன் மாரத்தானுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்க ஓட்டக்காரர்களை அழைத்துவர ஏற்பாட்டாளர்களே தனி விமானம் பிடித்தார்கள். எத்தியோப்பியாவின் செகாயே கெபெடே 2:05:19இல் ஜெயித்தார். முந்தின வருஷம் ஜெயித்திருந்த கென்யாவின் சாமி வஞ்சிரு பாதியில் நின்றுவிட்டார், முழங்கால் என்றார்கள். பயணத்தின் மேல் பழிபோட எனக்கும் ஆசைதான், ஆனால் முழங்கால் முழங்கால்தான். எனக்குப் பிடித்தது அந்தத் தனி விமானம். ஓடுகிறவர்கள் எப்படியாவது வந்து சேரட்டும், தாங்குவார்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இப்போது நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மாநிலப் போட்டிக்கு ஒருநாள் முன்னதாகவே பிள்ளைகளைக் கூட்டிப்போய்விடுவேன். கூடுதல் செலவில் பாதி என் பையிலிருந்து போவதை வீட்டில் சொல்வதில்லை. (படித்துவிட்டால் தெரிந்துவிடும், பரவாயில்லை.) ஸ்பைக்ஸ் லக்கேஜில் போகக்கூடாது, மடியில்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கவேண்டும். என் நோட்டில் பெயர், தூரம், டைமிங், அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி: 'எப்படி வந்தது'.

போன மாதம் 3,000 மீட்டர் ஓடும் பிள்ளை ஒருத்தி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். தன் பெயருக்கு நேரே 'பஸ், நின்றுகொண்டே, 4 மணி நேரம்' என்று இருந்ததைப் படித்துவிட்டு, "இல்ல சார், திண்டுக்கல்லுல எனக்கு சீட் கெடச்சிருச்சு" என்றாள். அடித்துத் திருத்தினேன்.