ஆட்டம் நின்ற மாதங்கள்

2020 மார்ச் 14 சனிக்கிழமையன்று டர்பனில் எங்கள் ஷார்க்ஸ் ரக்பி அணி ஸ்டோர்மர்ஸ் அணியை 24-14 என்று வென்று, சூப்பர் ரக்பி புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. கொரோனா பரவலால் அந்த வார இறுதியோடு தொடர் நிறுத்தப்பட்டது. மறுநாள் இரவு தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவர் சிரில் ராமபோசா தேசியப் பேரிடர் நிலையை அறிவித்து, நூறு பேருக்கு மேல் கூடுவதைத் தடை செய்தார். ஆஸ்திரேலியாவை மூன்று ஒருநாள் ஆட்டங்களிலும் தோற்கடித்த மகிழ்ச்சியோடு இந்தியா சென்றிருந்த நம் கிரிக்கெட் அணி, தர்மசாலாவில் மழையால் ஒரு பந்துகூட ஆடாமல், லக்னோ, கொல்கத்தா ஆட்டங்களும் கைவிடப்பட்டு வீடு திரும்பியது. மார்ச் 27 முதல் நாடே முடங்கியது. நடைப்பயிற்சிக்கென்று வாசலைத் தாண்டுவதும் அப்போது குற்றம்.

விளையாட்டைப் பின்தொடர்பவனுக்கு வாரம் என்பது சனிக்கிழமையை நோக்கி நகரும் ஒன்று. வேலை, கடைத்தெரு, கோயில், உறவினர் வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் ஆட்ட நேரத்தைப் பார்த்துத்தான் இத்தனை ஆண்டுகளாக அமைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தக் கட்டு அவிழ்ந்ததும் ஏப்ரல் மாதத்தில் எந்த நாள் எது என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பல குடும்பங்களை லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் என்று இங்கிலாந்துக் கால்பந்து அணிகளின் பெயரால் இரண்டாகப் பிரித்துவிடலாம். என் மகன் லிவர்பூல் பக்கம். முப்பது ஆண்டுகள் காத்திருந்த பட்டத்துக்கு இன்னும் இரண்டே வெற்றிகள் தேவைப்பட்ட நிலையில், 25 புள்ளிகள் முன்னணியில் இருந்தபோது லீக் நின்றது. இந்தப் பருவமே செல்லாது என்று அறிவித்துவிடுவார்களோ என்ற கவலையில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவர்கள் பலருக்கு அது அற்பமாகத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.

தொலைக்காட்சியில் பழைய ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினோம். 2006 மார்ச் 12 அன்று வாண்டரர்ஸ் அரங்கில் ஆஸ்திரேலியா எடுத்த 434 ஓட்டங்களை நாம் துரத்திப் பிடித்த ஆட்டத்தை மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் முடிவைப் பற்றிய பதற்றம் இல்லாதபோது, அன்று கண்ணில் படாதவை எல்லாம் தெரிகின்றன. ஹெர்ஷல் கிப்ஸின் 175 ஓட்டங்களையும் மார்க் பவுச்சரின் கடைசி நான்கையும்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த நான்குக்கு முந்தைய பந்தில், கடைசி ஆட்டக்காரராக இறங்கிய மகாயா என்டினி பிரெட் லீயின் பந்தைத் தட்டிவிட்டு ஓடி ஸ்கோரைச் சமன் செய்தாரே, அந்த ஒற்றை ஓட்டத்துக்காகத்தான் அப்பா கைதட்டினார்.

அங்கிருந்துதான் அவர் பேச ஆரம்பித்தார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் டர்பனின் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய பகுதி இருந்தது. நிறபேதமற்ற விளையாட்டு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அந்த இடத்துக்குப் போவதையே அவமானமாகக் கருதினார்கள். இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்பது அவர்களுடைய கொள்கை. அப்பா அதில் உறுதியாக இருந்தவர். 1992 நவம்பரில் இந்தியா முதன்முறையாக இங்கே டெஸ்ட் ஆட வந்தபோதுதான் கிங்ஸ்மீட் வாசலை மிதித்தார். ஆட்டத்தின் முதல் பந்திலேயே கபில் தேவ் ஜிம்மி குக்கை வீழ்த்தியதையும், பிரவீன் ஆம்ரே தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்ததையும், தொலைக்காட்சி நடுவரின் தீர்ப்பால் ஆட்டமிழந்த முதல் ஆட்டக்காரராக டெண்டுல்கர் வெளியேறியதையும் நேற்று நடந்ததுபோலப் பேரனுக்குச் சொன்னார்.

"அப்போதும் உங்களுக்கு மைதானம் மூடித்தானே இருந்தது, தாத்தா? இப்போது எங்களுக்கும் அப்படித்தான்" என்றான் மகன்.

அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கிங்ஸ்மீட் மூடியிருந்தது உண்மைதான். ஆனால் நமக்குக் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்க்க நிற்க இடம் இருக்காது. நம்மை வெளியே நிறுத்தியவர்களால் நாம் கூடுவதை நிறுத்த முடியவில்லை. இந்த நோய் அதைத்தான் நிறுத்தியிருக்கிறது" என்றார். எனக்குப் புரிந்தவரை, அந்த மாதங்களின் இழப்பை இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. நாம் இழந்தது ஆட்டங்களை மட்டுமல்ல. தோளோடு தோள் நின்று கத்துவதையும், முன்பின் அறியாத ஒருவரோடு நடுவரைத் திட்டுவதையும், திரும்பும் வழியில் அதே ஓவரை மறுபடி மறுபடி பேசுவதையும் இழந்திருந்தோம்.

மே 1 முதல் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் நடக்க அனுமதித்தார்கள். தெரு நிறைய முகக்கவசம் அணிந்தவர்கள். ஒருவரை ஒருவர் கண்களை வைத்தே அடையாளம் கண்டு, எட்ட நின்று ஷார்க்ஸைப் பற்றிப் பேசினோம். அந்த மாதத்திலேயே, ஜூன் 14 அன்று நடக்கவிருந்த காம்ரேட்ஸ் மாரத்தான் ரத்தானது. 1921இல் தொடங்கி, உலகப் போர்க்காலத்தைத் தவிர டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஆண்டுதோறும் நடந்துவந்த ஓட்டம் அது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சாலையோரத்தில் விடியற்காலையிலேயே இடம் பிடித்து, ஓடுபவர்களின் பெயரை அவர்கள் அணிந்திருக்கும் எண் அட்டையில் படித்துக் கூவி அழைப்பது எங்கள் குடும்ப வழக்கம். அது இல்லாத ஜூன் மாதம் எனக்கு மிகவும் கனத்தது.

ஜூன் 25 இரவு லிவர்பூல் சாம்பியன் ஆனது. மகன் முற்றத்துக்கு ஓடிக் கத்தினான். சுவருக்கு அப்பாலிருந்தும், சரிவில் கீழேயுள்ள வீடுகளிலிருந்தும் பதில் கூச்சல் எழுந்தது. யாரும் யாருடைய வீட்டுக்கும் போகவில்லை; ஆனாலும் தெருவே கூடியிருந்தது.

ஜூலை 18, மண்டேலா தினத்தன்று, பார்வையாளர் இல்லாத செஞ்சூரியன் அரங்கில் மூன்று அணிகள் மோதிய விசித்திரமான ஆட்டத்தோடு நம் கிரிக்கெட் திரும்பியது. இனவெறிக்கு எதிரான இயக்கத்தை ஆதரித்து வேகப்பந்து வீச்சாளர் லுங்கி என்கிடி பேசியதற்கு முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்திருந்த நேரம் அது. ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஒரு காலை மடக்கி மண்டியிட்டார்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று தம் தலைமுறைக்குச் சொல்லப்பட்டதைப் பற்றிப் பேரனிடம் பேசத் தொடங்கியவர், டிவில்லியர்ஸ் 24 பந்துகளில் 61 ஓட்டங்களை விளாசும்வரை நிறுத்தவில்லை. அதன்பின் இருவரும் அந்த அடிகளைப் பற்றி வாக்குவாதம் செய்தார்கள், சத்தமாக.