'சித்தி பொண்ணுன்னு போட்டுக்கோங்க சிஸ்டர்'

2017 பிப்ரவரியில் டப்ளினில் வந்து இறங்கினேன். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இரண்டு ஸ்வெட்டர் போதும் என்று நினைத்த ஆள் நான். அந்தக் கதையை விடுங்கள், நர்ஸ் வேலைக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அடாப்டேஷன் என்ற பயிற்சிக் காலம், வாடகை, நாலரை மணிக்கே இருட்டும் டிசம்பர், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்காத ஏக்கம் எல்லாம் எனக்கும் இருந்தன.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், டீ குடிக்கும்போது எங்கள் வார்டு இன்சார்ஜம்மா, ஐம்பது வயது இருக்கும், "இன்னைக்கு என் வொய்ஃபுக்குப் பிறந்தநாள், சீக்கிரம் கிளம்பணும்" என்றார். ஐரிஷ் உச்சரிப்பு முதல் மாதம் பாதி புரியாது, ஹஸ்பெண்டைத்தான் சொல்கிறார், நமக்குத்தான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அந்த வொய்ஃபே டிபன் டப்பாவில் கேக்கோடு வார்டுக்கு வந்து நின்றபோதுதான் என் காதில் பழுதில்லை என்று தெரிந்தது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது வேலூரில் நான் வேலை பார்த்த வார்டு. அங்கே அட்மிஷன் ஃபாரத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒருநாள் ராத்திரி குடல்வால் ஆபரேஷனுக்கு ஒரு பெண் வந்தாள், கூட இன்னொரு பெண். கையெழுத்துப் போட சொந்தக்காரங்க யாரும்மா என்று கேட்டேன். கூட வந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "சித்தி பொண்ணுன்னு போட்டுக்கோங்க சிஸ்டர்." போட்டுக்கொண்டேன். பொய் என்று தெரியும், அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். மூன்று நாளும் அவள்தான் பெட்பேன் வைத்தாள், கஞ்சி ஊட்டினாள், கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். நாலாம் நாள் அந்தப் பெண்ணின் அண்ணன் வந்தான், உறவு என்ற கட்டத்தில் 'அண்ணன்' என்று எழுதி டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பாயைச் சுருட்டிக்கொண்டு இவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

இங்கே அதே கட்டத்தில் பெண்கள் 'மனைவி' என்று எழுதுகிறார்கள், நாங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம்.

இந்த ஊர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். இன்சார்ஜ்தான் எனக்குப் பாடமே எடுத்தார். ஆணும் ஆணும் உறவு கொண்டால் குற்றம் என்று 1861-இல் லண்டன் போட்ட சட்டம் அயர்லாந்து விடுதலை பெற்ற பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நம்முடைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவும் 1860 சரக்குதானே, இரண்டும் ஒரே பட்டறை. டேவிட் நோரிஸ் என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் வழக்குப் போட்டு 1983-இல் இங்கே உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1988-இல் ஜெயித்தார், சட்டம் மாற 1993 ஆனது. அப்புறம் கேத்தரின் ஸப்போன், ஆன் லூயிஸ் கில்லிகன் என்ற இரண்டு பெண்கள். கனடாவில் கல்யாணம் செய்துகொண்டு வந்து, வரிக் கணக்கில் எங்களைத் தம்பதி என்று எழுதுங்கள் என்று கேட்டவர்கள், 2006-இல் அவர்களும் தோற்றார்கள். நான் வந்த வருஷம் அதே ஸப்போன் இங்கே குழந்தைகள் துறை அமைச்சர்!

கடைசியில் 2015 மே 22 அன்று, ஒரே பாலினத்தார் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று மக்களிடமே ஓட்டு கேட்டார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் டிக்கெட் போட்டு வந்து ஓட்டுப் போட்டார்களாம். 62 சதவீதம் சரி என்றது. 43 தொகுதிகளில் வேண்டாம் என்றது ரோஸ்காமன்–சவுத் லீட்ரிம் ஒன்றுதான், இன்சார்ஜுக்குச் சொந்த ஊர் அதுதான். "எங்கப்பா எதில் போட்டார்னு நான் கேட்கலை, அவரும் சொல்லலை, ஆனா கல்யாணத்துக்கு வந்தார்" என்றார்.

என் கணவர் இங்கே வரும்போது எல்லா இடத்திலும் முதலில் நீட்டியது எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழைத்தான். அந்தத் தாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று டெல்லி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்று சொன்னார்கள், ஒரே பாலினத் தம்பதிகள் சேர்ந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் தரலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு, அதுவும் இல்லை. நைட் டியூட்டி முடிந்து வந்து செய்தியைப் பார்த்துவிட்டுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் ஸ்டாம்பு பாதி அழிந்திருந்தது.

அப்புறம் 2025. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு ஆட்கொணர்வு மனு, எதிர்மனுதாரர்களில் வேலூர் மாவட்ட எஸ்.பி. என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள், அவள் 'சரியாகணும்' என்று சடங்கெல்லாம் செய்திருக்கிறார்கள். அவள் கோர்ட்டில் தன் தோழியோடுதான் போவேன் என்றாள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவளை விட்டுவிடச் சொன்னார்கள். கல்யாணம் சட்டமாகாவிட்டால் என்ன, குடும்பமாக இருக்க அது ஒன்றே வழி இல்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்று ஒன்று உண்டு என்று எழுதினார்கள். உத்தரவின் தேதியைப் பாருங்கள், மே 22. இங்கே ஓட்டுப் போட்ட அதே நாள், பத்து வருஷம் கழித்து. கல்யாண உரிமை இது இல்லைதான், ஆனால் அந்த அண்ணன் வந்த நாலாம் நாள் இப்படி ஒரு காகிதம் கையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். எங்கள் ஊர் அணைக்கட்டில் அப்போது கரண்ட் இல்லை, இருட்டில் விசிறிக்கொண்டே கேட்டாள்.

"நம்ம ஜில்லாவா? இன்னாடி சொல்ற?" என்றவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உன் இன்சார்ஜம்மா கல்யாணத்துல தாலி யாரு கட்னாங்க?" என்றாள்.

"தாலி எல்லாம் கிடையாதும்மா, மோதிரம். ரெண்டு பேரும் மாத்திக்குவாங்க."

"அப்ப ரெண்டு மோதிரம் செய்யணுமா? பவுன் இன்னா வெல விக்குதுன்னு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தாள், பத்து நிமிஷம் பவுன் விலையைத் தவிர வேறு பேச்சில்லை.