13 மில்லிமீட்டர் தடிப்பு

ஆய்வகப் பணியில் சேரும்போது எனக்கு மாண்டோ பரிசோதனை செய்தார்கள்; காசநோய்த் தொற்று உண்டா என்று அறிய முன்கைத் தோலில் போடும் ஊசி அது. மூன்றாம் நாள் செவிலியர், பால்பாயிண்ட் பேனாவை முன்கைத் தோலில் தடிப்பை நோக்கி மெல்ல நகர்த்தி, முனை தட்டி நின்ற இடத்தில் கோடிட்டு, மறுபக்கமும் அவ்வாறே செய்து, இடைவெளியை அளந்தார்: 13 மில்லிமீட்டர். சிவப்பு கணக்கில் வராது. கெட்டியான தடிப்பு மட்டுமே கணக்கு. ஆனால் அதை எழுப்பியது காசநோய்க் கிருமியா, குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜி தடுப்பூசியா, மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளா என்பதை அந்த எண் சொல்லவில்லை.

குறை ஊசியில் இருந்த மருந்தில்தான். 1890இல், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் அறிவித்த டியூபர்குலின், கிருமி வளர்ந்த திரவத்தைச் சூடாக்கிச் சுண்டவைத்த சாறு. குணப்படுத்தும் என்று அவர் நம்பியது பொய்த்தது, நோயறியும் பயன் மட்டும் நிலைத்தது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஃபிளாரன்ஸ் சைபர்ட் அதிலிருந்து புரதங்களை அமிலத்தாலும் பின்னர் அமோனியம் சல்பேட்டாலும் வீழ்படிவாக்கிப் பிரித்தெடுத்தார். மாண்டோ ஊசியில் இருக்கும் பிபிடி எனப்படும் அந்தப் பொருளின் பெயரில் ‘தூய்மையாக்கப்பட்டது’ என்ற சொல் இருந்தாலும், அது இன்னும் பல புரதங்களின் கலவைதான். அவற்றில் பல பிசிஜி தடுப்பூசியில் உள்ள கிருமியிலும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு புரதத்தையும் தனியே சோதிக்க வேண்டியிருந்தது. வளர்ப்புத் திரவத்தை வடிகட்டி, ஜெல்லில் மின்சாரம் செலுத்தினால் சிறிய புரதங்கள் முந்தியும் பெரியவை பிந்தியும் ஓடிப் பட்டை பட்டையாகப் பிரியும். அப்பட்டைகளைத் தனித்தனியே எடுத்து, தொற்றுற்றவரின் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களோடு சேர்த்து, அவை கிருமியை அடையாளம் கண்டால் வெளிவிடும் இண்டர்ஃபெரான் காமா சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். காசநோயில் எதிர்ப்பொருளை அளப்பதைவிட இவ்வழியே நம்பகமானது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் வணிகக் கிட்களை உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

அப்படிச் சிக்கிய புரதங்களுள் ஈசாட்-6 ஒன்று. அதுவும் அதன் இணையான சிஎஃப்பி-10 புரதமும் எழுதப்பட்டுள்ள ஆர்டி1 என்னும் மரபணுப் பகுதி, பிசிஜி கிருமி எதிலும் இல்லை; தடுப்பூசிக்காகப் பல்லாண்டு ஆய்வகத்தில் வளர்த்தபோது கழன்று போனது. பெரும்பாலான மண்கிருமிகளிலும் கிடையாது, கான்சாசி என்ற கிருமி போன்ற ஒருசில விலக்கு. இண்டர்ஃபெரான் காமாவை அளக்கும் இன்றைய இக்ரா ரத்தப் பரிசோதனை இந்த இரண்டு புரதங்களின் துண்டுகளைக் கொண்டே இயங்குகிறது. தொற்று உறங்குகிறதா, நோயாக மூண்டதா என்பதை அதுவும் சொல்லாது. அதற்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும்.

எனக்கு இக்ரா நெகட்டிவ் என்று வந்தது. அந்த 13 மில்லிமீட்டர் தோள்பட்டையில் உள்ள பிசிஜி தழும்பின் வேலையா, ஏதோ ஒரு குளத்து நீரின் வேலையா என்று கேட்டதற்கு மருத்துவர் சிரித்துக்கொண்டே கோப்பை மூடிவிட்டார்.